அனுப்பியாச்சு என்று சொல்வதற்கு முன்

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். "டீச்சர், அந்த ஏ, ஆஸ், ஆ போட்டுச் சொல்ற இறந்தகாலத்தை எப்படித்தான் நடத்தறது? படிக்கிறவங்க தூங்கிப்போடறாங்க." நான் காபி கொடுத்து, பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. வாயால் சொன்னால் போனில் பதிவு செய்துகொண்டு போவீர்கள், அப்புறம் அதைத் தொடவே மாட்டீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு கொஞ்சலாம். ஆள் தூங்குகிறார் என்றால் குற்றம் உங்கள் அட்டவணையின் மேல். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வினைச்சொல்லை ஓட்டினால் நானே குறட்டை விடுவேன். தமிழ் பேசுகிறவருக்கு ஸ்பானிஷில் இதைவிடச் சுலபமான இறந்தகாலம் கிடையாது. நாம் 'செய்திருக்கிறேன்' என்கிறோம். 'செய்து' ஆடாமல் அசையாமல் நிற்கிறது. பின்னால் வரும் 'இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறார்' மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாறுகிறது. ஸ்பானிஷிலும் அதே கதைதான், வரிசை மட்டும் தலைகீழ். ஆளைச் சொல்லும் குட்டிச் சொல் முதலில் வரும். நான் என்றால் ஏ, நீ என்றால் ஆஸ், அவர் என்றால் ஆ, நாம் என்றால் ஏமோஸ், அவர்கள் என்றால் ஆன். அதன் பின்னால் வினை. 'ஆர்' என்று முடியும் வினை 'ஆதோ' ஆகும். 'ஏர்', 'ஈர்' என்று முடிபவை 'ஈதோ' ஆகும். கொமேர் என்றால் சாப்பிடுவது. ஏ கொமீதோ, சாப்பிட்டிருக்கிறேன். ஏமோஸ் கொமீதோ, சாப்பிட்டிருக்கிறோம். முரண்டு பிடிக்கும் வினைகளும் ஒரு கைப்பிடி உண்டு. செய்வதற்கு ஏச்சோ, பார்ப்பதற்கு விஸ்தோ, சொல்வதற்கு தீச்சோ. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், குறுக்கு வழி இல்லை.

அதிலும் நம் கோவைக்காரர்களுக்கு இன்னும் லேசு. 'செஞ்சுபோட்டேன், சொல்லிப்போட்டேன், குடுத்துப்போட்டேன்' என்று நாள் முழுக்க வினைக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டிக்கொண்டே பேசுகிறோம். அந்த வால் இங்கே தலைப்பக்கம் வந்துவிட்டது என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். இவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஆக்கிக் காட்டிவிடலாம். ஆக்கிய காலத்தை வெளியே கொண்டுபோய்ப் புழங்கும்போதுதான் ஆள் கவிழ்வார். அதற்கு நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனி, பெயர் வேண்டாம். மெஷின் ஷாப்புக்கு மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை. காலை ஷிப்ட் தொடங்கும் முன் அங்கே என் வகுப்பு. அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கியிருந்த முதலாளியம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பெரு நாட்டில் திராட்சை பயிரிடும் விவசாயிகளின் சங்கம் ஒன்று அவர்களிடம் பெரிய பம்புகள் வாங்கியிருந்தது. கம்பெனிக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டு வாடிக்கை அது. அதைப் பிடித்துக் கொண்டுவந்தவர்தான் நாச்சிமுத்து.

நாச்சிமுத்து அன்னூர்க்காரர், பேக்கிங் குடோனில் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பொறுப்பில் இருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் கொஞ்சம் வாழை, கொஞ்சம் தென்னை, எப்போதும் அரைகுறையாய்த் தண்ணீர் கொடுக்கும் ஒரு போர். கோவையில் நடந்த விவசாயக் கண்காட்சிக்கு அந்தப் பெரு சங்கத்தின் தண்ணீர்ப் பொறுப்பாளர் மார்த்தா வந்திருந்தபோது, ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாமல், கையாலும் காலாலும் பேசி பம்பை விற்றுவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பெரிய கெட்டிக்காரத்தனம் அது. முதலாளியம்மா அந்த வாடிக்கையை அவரிடமே ஒப்படைத்து, ஒரு நிபந்தனையும் போட்டார். "நாச்சிமுத்தண்ணா, இது நிலைச்சா எக்ஸ்போர்ட் செக்‌ஷனே உங்களுக்குத்தான். கைநழுவிப் போச்சுன்னா செக்‌ஷனை மூடிப்போடுவேன். நீங்க பழையபடி பேக்கிங் குடோனுக்குத்தான் போகணும்."

அவர் என்னிடம் வந்து சொன்னார். "டீச்சர், இந்த வயசுல எனக்குன்னு ஒரு புது வேலை கெடச்சிருக்குதுங்க. நெம்ப ஆசையா இருக்குதுங்க. எப்படியாச்சும் பேச வெச்சுப்போடுங்க."

மற்ற இறந்தகாலம் எதுவும் அவர் தலையில் ஏறவில்லை. ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு கோணல் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆனால் இந்த ஏ, ஆஸ், ஆ வந்ததும் மனுஷனுக்குச் சிறகு முளைத்துவிட்டது. டீ குடித்தால் "ஏ தொமாதோ" என்பார், கதவைச் சாத்தினால் "ஏ செர்ராதோ" என்பார். 'ஏற்கெனவே' என்று பொருள் தரும் 'யா' என்ற குட்டிச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். "யா ஏ கொமீதோ, சாப்பிட்டாச்சு." அந்த 'யா'வை அவர் காதலித்தார் என்றே சொல்லலாம். அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் 'தொதாவீயா நோ', அதாவது 'இன்னும் இல்லை' மட்டும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "கஸ்டமர்கிட்ட எடுத்ததும் இல்லைங்கறது அபசகுனமாட்ட இருக்குதுங்க டீச்சர்" என்று முகத்தைச் சுளித்தார்.

ஒருநாள் வீட்டுப்பாடம் முடித்தாரா என்று ஸ்பானிஷில் கேட்டேன். "சீ, யா ஏ ஏச்சோ!" என்று கணீரென்று பதில் வந்தது. எங்கே, காட்டுங்கள் என்றேன்.

"பொழுதோட உக்காந்து எழுதிப்போடுவேனுங்க."

"இப்பத்தானே முடிச்சாச்சுன்னீங்க?"

"எழுதறதுன்னு முடிவு பண்ணிப்போட்டேனுங்களே. அப்பறம் முடிச்ச மாதிரித்தானுங்க."

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இதில் அவரை மட்டும் என்ன சொல்வது? நம் ஊரே இப்படித்தானே. தையல்காரரைக் கூப்பிட்டால் "தெச்சாச்சுங்க" என்பார், துணியில் கத்தரியே பட்டிருக்காது. பிளம்பர் "வந்துட்டேனுங்க, பக்கத்துலதான்" என்பார், பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், குளித்துக்கொண்டிருப்பார். இதைப் பொய் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. உன் வேலையை மறக்கவில்லை, வெசனப்படாதே என்று சொல்லும் மரியாதை அது. கேட்கிறவரும் சளைத்தவரில்லை. தைத்தாச்சு என்றால் நாளை மறுநாள் போனால் போதும் என்று மனதுக்குள் கழித்துக்கொள்வார். இரண்டு பக்கமும் கணக்குத் தெரிந்த ஆட்டம். பெருவில் இருக்கும் மார்த்தாவுக்கு இந்த ஆட்டம் தெரியாது.

அங்கே ஓடிக்கொண்டிருந்த பம்பு ஒன்றின் ஷாப்ட், அதாவது உள்ளே சுழலும் தண்டு, முறிந்துபோனது. மாற்று ஷாப்டைக் கடைந்து விமானத்தில் அனுப்ப வேண்டும். ஒரு காலை, அங்கே முந்தைய நாள் இரவு, மேஜைமேல் சாய்த்து வைத்த போனில் மார்த்தா வீடியோவில் வந்தார். மேஜைக்கு முன்னால் நாச்சிமுத்து, பக்கத்தில் நான், பின்னால் நாற்காலியில் முதலாளியம்மா. "டீச்சர், நீங்க சும்மா உக்காருங்க. இன்னிக்கு நானே பேசிப்போடறேன்" என்று நாச்சிமுத்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மார்த்தா சுற்றி வளைக்கவில்லை. "லோ ஆன் என்வியாதோ?" அனுப்பிவிட்டீர்களா?

"சீ, சென்யோரா. யா லோ ஏமோஸ் என்வியாதோ." ஆமாம் அம்மா, அனுப்பியாச்சு.

அடடா, என்ன உச்சரிப்பு! ஓர் இடறல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. கைதட்டக்கூடப் போய்விட்டேன். அப்போது கண்ணாடி வழியாகக் கீழே பார்வை போனது. அந்த ஷாப்ட் லேத்தில் சுழன்றுகொண்டிருந்தது. பாதிகூடக் கடைந்திருக்கவில்லை.

திரையில் மார்த்தா கண்ணை மூடித் திறந்தார். பிறகு மடமடவென்று ஏதோ சொன்னார். அந்த வேகத்துக்கு நாச்சிமுத்துவால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர் பாட்டுக்குச் சிரித்தபடி "சீ, சீ" என்று தலையாட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. மார்த்தா சொன்னது இது: "கடவுளுக்கு நன்றி. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாடகைக்கு எடுத்த பம்பை நாளைக் காலையே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் தினமும் கேட்டு நச்சரிக்கிறார்கள். ஷாப்ட் விமானத்தில் வந்து சேரும்வரை தொட்டியில் இருக்கும் தண்ணீரை வைத்துச் சமாளித்துவிடலாம்."

திராட்சை காய் பிடிக்கும் பருவம் அங்கே. ஷாப்ட் கிளம்பவே இல்லை. தொட்டித் தண்ணீர் தீரும், வாடகை பம்பும் போயிருக்கும், சங்கத்து ஆட்கள் எல்லோருடைய கொடியும் கருகும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். இந்தத் தொழிலில் உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். நான் குறுக்கே புகுந்து "அவர் சொல்வது உண்மையில்லை" என்று மார்த்தாவிடம் சொல்லியிருக்கலாம். முதலாளியம்மா முன்னால் ஒரு மனுஷரின் மானம் கப்பலேறியிருக்கும், அவர் அத்தனை ஆசைப்பட்ட வேலையும் அதோடு போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு, அழைப்பு முடிந்த பிறகு அவர் காதைப் பிடித்துத் திருகியிருக்கலாம். அதற்குள் மார்த்தா ஆளை அனுப்பி பம்பைக் கழற்றச் சொல்லியிருந்தால்? எனக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுத்தவர் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி. எங்கள் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். என்னை மொழிபெயர்ப்பு வேலைக்கு அனுப்பும்போது அந்த சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். "உனக்கென்று அங்கே வாய் கிடையாது. சொன்னதைச் சொல். ஆனால் சொன்னது முழுவதையும் சொல்." முழுவதையும் என்ற அந்தச் சொல்தான் அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது.

மார்த்தாவிடம் ஒரு நிமிடம் என்று கை காட்டினேன். நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே, மார்த்தா பேசியதை ஒரு சொல் விடாமல் நிதானமாகத் தமிழில் சொன்னேன். வாடகை பம்பு, நாளைக் காலை, தொட்டித் தண்ணீர், எல்லாவற்றையும். அதற்கு மேல் ஓர் எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. தண்ணீர் இல்லாத தோட்டம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"அட கெரகமே! வேண்டாமுங்க! பம்பைக் குடுத்துப்போடாதீங்க!" என்று திரையைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினார். பின்னாலிருந்து முதலாளியம்மா, "என்னங்கண்ணா, ஷாப்ட் இன்னும் போகலையா?" என்றார். நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தைரியம் போயிருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னார். எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்.

"சென்யோரா, நோ. தொதாவீயா நோ லோ ஏமோஸ் என்வியாதோ."

இல்லை அம்மா. இன்னும் அனுப்பவில்லை.

மார்த்தாவுக்குச் சட்டென்று கோபம் ஏறியது. நியாயம்தானே. பிறகு எதற்கு அனுப்பியாச்சு என்று சொன்னீர்கள் என்று கேட்டார். நாச்சிமுத்து என்னிடம் திரும்பினார். "டீச்சர், இதுக்கு என்ர ஸ்பானிஷ் பத்தாதுங்க. நான் சொல்றத அப்படியே சொல்லுங்க, பூசி மெழுக வேண்டாம். எங்க ஊர்ல, செஞ்சு குடுத்தே தீரணும்னு மனசுல முடிவாயிட்டா, செஞ்சாச்சுன்னு சொல்லிப்போடுவோமுங்க. கேக்கறவங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுங்க. அது எங்க ஊரோட வெச்சுக்க வேண்டியதுங்க. உங்க தோட்டம் காயறதுக்கு நான் காரணமாயிருந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க."

அப்படியே சொன்னேன். சோறு இறங்காது என்பதையும் விடவில்லை. மார்த்தா சிரிக்கவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. "ஷாப்ட் இப்போது எங்கே இருக்கிறது? எனக்குக் காட்டுங்கள்" என்றார்.

நாச்சிமுத்து போனைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கி ஓடினார், பின்னாலேயே நானும் முதலாளியம்மாவும். லேத்தைக் காட்டினார், சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலைக் காட்டினார். மார்த்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, லேத்தில் நின்ற டர்னரிடம் கேட்டார். "ஏனுங்க, இது எப்பங்க முடியும்?"

"நாளைக்கு முடிஞ்சாப்பலதானுங்க" என்றார் டர்னர்.

"முடிஞ்சாப்பல வேண்டாமுங்க! முடியற நாளைச் சொல்லுங்க, சாமி!"

டர்னர் லேத்தை நிறுத்தினார், தலையைச் சொறிந்தார், போனிலிருந்த வெளிநாட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "நாளான்னிக்குப் பொழுதோடதானுங்க ஆகும்." நாளை மறுநாள் சாயங்காலம் என்று நான் மார்த்தாவுக்குச் சொன்னேன். வாடகை பம்பை விடப்போவதில்லை, பக்கத்துத் தோட்டத்தோடு சண்டை போட்டாவது வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் அழைப்பைத் துண்டித்தார். முதலாளியம்மாவும் நேரே தன் அறைக்குப் போய்விட்டார். "குடோன் சாவியை வாங்கிக்கலாமுங்க டீச்சர்" என்று நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் அவர் தினமும் மார்த்தாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் அனுப்பினார். கடைந்தாகிவிட்டது, சோதித்தாகிவிட்டது, பெட்டியில் வைத்தாகிவிட்டது. ஒவ்வொன்றையும் போய்க் கண்ணால் பார்த்து, கையால் தொட்ட பிறகுதான் 'ஏமோஸ்' போடுவார். முடியாத நாளில் கூச்சப்படாமல் தொதாவீயா நோ. வேன் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் நானே பொறுக்கமாட்டாமல், "இப்பவாவது அனுப்பியாச்சுன்னு சொல்லுங்களேன்" என்றேன். "இருங்க டீச்சர். ஏர்போர்ட்ல பெட்டியை வாங்கிக்கிட்டாங்கன்னு டிரைவர் சொல்லட்டுமுங்க" என்றார். டிரைவர் கூப்பிட்டு "குடுத்தாச்சுங்க" என்றபோது, "நெசமாலுமா, இன்னும் வரிசைல நிக்கறீங்களா?" என்று குடைந்தார். வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார் டிரைவர்!

ஷாப்ட் போய்ச் சேர்ந்தது. மார்த்தா ஒரு வீடியோ அனுப்பினார். குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு வாய்க்காலில் ஓடுகிறது. கீழே ஒரு வரி: ஆ யெகாதோ எல் ஆகுவா. தண்ணீர் வந்துவிட்டது. நாச்சிமுத்து அதைக் கம்பெனி முழுக்கக் காட்டினார். முதலாளியம்மாவும் பார்த்தார், நல்லது என்றார், அவ்வளவுதான். எக்ஸ்போர்ட் பற்றி வாய் திறக்கவில்லை. நாச்சிமுத்துவும் கேட்கவில்லை.

அதனால் சொல்கிறேன். இந்தக் காலத்தை நடத்தும்போது வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததோடு கையைக் கழுவிவிடாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்வார்? 'கதவைப் பூட்டியாச்சு' என்றால் அவர் தூங்கப் போவார். 'மருந்து கொடுத்தாச்சு' என்றால் மறுபடி கொடுக்கமாட்டார். 'அனுப்பியாச்சு' என்றால் வாடகை பம்பைத் திருப்பித் தருவார். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ்காரர்கள் பல இடங்களில் இதற்குப் பதிலாக எளிய இறந்தகாலத்தைப் போட்டுப் பேசுவார்கள், அது பரவாயில்லை, இரண்டும் புரியும். எதைப் போட்டாலும் அதை நம்பி ஒருவர் அடுத்த காலை எடுத்து வைக்கிறார். அது வகுப்பில் உறைத்துவிட்டால் ஒருவரும் தூங்கமாட்டார்கள்.

திராட்சை அறுவடை முடிந்த பிறகு, ஒரு காலை மார்த்தா மறுபடி வந்தார். இந்த முறை முதலாளியம்மாவிடம் பேச வேண்டுமென்றார். நான் மொழிபெயர்த்தேன். நாச்சிமுத்து கதவோரமாக நின்றார்.

அடுத்த பள்ளத்தாக்கு சங்கத்துக்கும் சேர்த்து பம்புகள் வேண்டும் என்றார் மார்த்தா. வேறு சில கம்பெனிக்காரர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள், உங்களைவிடக் குறைவாகவே கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். "ஆனால் அனுப்பியாச்சு என்று சொல்ல எல்லோருக்கும் வருகிறது. நான் சந்தோஷமாகிவிட்ட பிறகு, தன் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் இல்லை என்று சொன்னவர் ஒருவர்தான். ஆர்டர் அவர் பெயருக்கு. அவர் இருக்கும்வரை நான் வேறு யாரிடமும் வாங்கமாட்டேன்."

நான் சொல்லி முடித்ததும் முதலாளியம்மா எழுந்து, கதவோரம் நின்றவருக்குத் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "உக்காருங்கண்ணா. இனி எக்ஸ்போர்ட் உங்களுது."

அவர் உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கெல்லாம் கேட்டது.

"அம்மணி, எக்ஸ்போர்ட் வேலை நமக்கே ஆயிப்போச்சு." அந்தப் பக்கம் அவர் மனைவி என்னவோ கேட்டிருக்க வேண்டும். நாச்சிமுத்து குரலை உயர்த்தினார். "அட, நெசமாலுமே ஆயிப்போச்சுங்கறேன்! ஆனதுக்கப்பறந்தான் சொல்றேன்!"